கவ்வாத்துக் கத்தி

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் ஒரு தகர வில்லை இருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு புழக்கத்துக்கு வந்தது. ‘டின் டிக்கெட்’ என்று பெயர். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று சொல்லும் எழுத்தும் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படும்போதே கையில் கொடுத்துவிடுவார்கள். முகாமில் நிறுத்தினாலும் ரயிலில் ஏற்றினாலும் அதிகாரிக்கு வில்லையைப் பார்த்தால் போதும், பெயர் கேட்கத் தேவையில்லை. வழிச்செலவு வில்லையில் உள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறும். கடைசியில் அது ஆளின் கடனாக வந்து விழும். தோட்டத்துக்குள் வந்தபிறகு இன்னொரு காகிதம்: துண்டு. பழைய தோட்டத்துத் துரை துண்டு கொடுக்காமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இணைய உலாவியைப் பற்றிய அத்தியாயத்தை இங்கே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1994இல் நெட்ஸ்கேப் கம்பனியில் லூ மொண்டுலி என்ற இளைஞர் ‘குக்கி’யை உருவாக்கினார். அவர் எண்ணத்தில் குற்றமில்லை. இணையக் கடையில் கூடைக்குள் போட்ட சாமான், அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறந்துபோகிறதே, அதற்கு ஒரு வழி வேண்டும். தளம் ஒரு சிறு அடையாளத்தை உங்கள் உலாவியில் வைத்துவிடும். திரும்பப் போகும்போது உலாவி அதை எடுத்துக் காட்டும். வினை விளம்பரத்தோடு வந்தது. நீங்கள் வாசிக்கும் செய்தித் தளத்தின் மூலையில் இருக்கும் விளம்பரம் வேறொரு கம்பனியின் கணினியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பனியும் தன் பங்குக்கு ஒரு வில்லையை மாட்டுகிறது. அதே கம்பனி சமையல் குறிப்புத் தளத்திலும் வேலைவாய்ப்புத் தளத்திலும் நோயைப் பற்றி விசாரிக்கும் தளத்திலும் கடை விரித்திருந்தால், மூன்று இடத்திலும் அதே வில்லை தெரியும். பெயர் கேட்கத் தேவையில்லை.

இதைச் சொன்னபோது, ‘நாங்க என்ன மாமா மறைக்கப் போறோம்?’ என்று பதுளை மாவட்டத்துப் பூனாகலையில் உயர்தரம் படிக்கும் என் மருமகள் கேட்டாள். கேள்வி நியாயமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில், சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும் இடத்தில், ஒரு பெண்பிள்ளைக்குத் தனியென்று இருக்கும் ஒரே மூலை அந்தப் போன்தான். அவள் அதில் என்ன தேடினாள் என்பது அவள் வீட்டுக்கே தெரியாதபோது, எங்கோ இருக்கும் விளம்பரத் தரகனின் செக்ரோல் பதிவேட்டில் அது ஏன் பதிவாக வேண்டும்? நான் திருப்பிக் கேட்டது அவ்வளவுதான்.

போனையே தொடாதே என்று உபதேசம் செய்பவர்கள் ஊவாவின் மழையைப் பார்த்ததில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மலை சரிந்தது. எச்சரிக்கையை எதிர்பார்த்து இரவில் பார்ப்பது போனைத்தான். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடி மலையும் மரமும் ஏறியது உலகச் செய்தியானது. போன் இல்லாமல் முடியாது. ஆகவே போனுக்குள் இருக்கும் உலாவி யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்பதே நம்மால் முடிந்தது.

குக்கியையாவது அழிக்கலாம். தகர வில்லையைக் கழற்றி ஆற்றில் எறிவது போல. கைரேகையை எறிய முடியாது. உலாவிக்கும் கைரேகை உண்டு, அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைத்தால், ஒரு ‘பிட்’ தகவல் கிடைத்தது என்பார்கள். ஆணா பெண்ணா என்றால் ஒரு பிட். உலக மக்கள் 800 கோடிக்கு மேல். இரண்டை முப்பத்துமூன்று தடவை பெருக்கினால் ஏறத்தாழ 859 கோடி வரும். அதாவது 33 பிட் இருந்தால் உலகத்தில் யாரையும் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம். வெறும் முப்பத்துமூன்று ஆம்-இல்லைக் கேள்விகள்.

இப்போது மருமகளின் போனுக்கு வருவோம். தளம் ஒன்றைத் திறந்ததும், அவள் எதுவும் எழுதாமலே, உலாவி தன் நேர வலயத்தைச் சொல்லிவிடுகிறது: ‘ஆசியா/கொழும்பு’. இந்தியாவுக்கும் நமக்கும் அதே ஐந்தரை மணித்தியாலம்தான், ஆனால் வலயத்தின் பெயர் வேறு. இலங்கையில் சுமார் 2 கோடியே 20 இலட்சம் பேர். 33 பிட் தேவைப்பட்ட இடத்தில் இனி 24 பிட் சொச்சம் போதும். அடுத்து மொழி: அவள் போனைத் தமிழில் வைத்திருக்கிறாள். நாட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இன்னும் இரண்டு பிட் போயிற்று. தமிழ் பேசுவோரிலும் போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் பதினாறில் ஒருவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மேலும் நாலு பிட். மிச்சம் 18.

அந்த 18ஐ எங்கிருந்து எடுப்பது? 2010இல் மின்வெளி எல்லை அறக்கட்டளையைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி என்ற ஆய்வாளர், தானாக முன்வந்தவர்களின் 4,70,161 உலாவிகளைச் சோதித்துப் பார்த்தார். எழுத்துருப் பட்டியல், திரையின் அளவு, பொருத்தியிருக்கும் செருகுநிரல்கள், உலாவியின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் சராசரியாகக் கிடைத்தது குறைந்தது 18.1 பிட். அவற்றில் 83.6 வீதமான உலாவிகள் அந்தத் திரட்டில் தமக்கு ஒரு இரட்டை இல்லாமல் தனித்து நின்றன. பண்டாரவளை டவுனில் கடிதம் அடித்துக் கொடுக்கும் கடைக்காரரின் கணினியில் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இருக்கும். உலகத்தில் எத்தனை கணினியில் பாமினி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் எந்தத் தளத்துக்குப் போனாலும் நெற்றியில் ஒட்டிய பொட்டு அது. தளம் ஒரு சொல்லைக் கண்ணுக்குத் தெரியாமல் அந்த எழுத்துருவில் எழுதச் சொல்லி, அகலத்தை அளந்து பார்த்தால் எழுத்துரு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். படம் வரையச் சொல்லிப் புள்ளிகளின் சாயலைப் பார்ப்பது இன்னொரு வித்தை. 2014இல் நடந்த ஓர் ஆய்வில், உலகின் முதல் ஒரு இலட்சம் தளங்களில் 5.5 வீதமானவற்றில் அந்த வித்தை நடந்துகொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

ஒளிந்துகொள்ள நல்ல இடம் கூட்டம். ‘டோர்’ உலாவியின் உத்தி முழுக்க இதுதான்: அதைப் பாவிக்கும் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் காட்டுவது. சாளரத்தின் அளவைக் குறிப்பிட்ட படிகளுக்கு வெட்டிச் சொல்லும். எழுத்துருக்களைத் தானே கொண்டுவந்து, கணினியில் இருப்பதை மறைக்கும். நேர வலயத்தை உலகப் பொதுநேரம் என்று பொய் சொல்லும். காலை ஆறு மணிக்குப் பூனாகலையில் பிரட்டுக்கு ஆள் சேரும்போது, ‘இப்போது இரவு 12.30’ என்று உலாவி சாதித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் மொழி என்று வரும்போது ஒரு முள் இருக்கிறது. உங்கள் டோர் உலாவி ஆங்கிலம் அல்லாத மொழியில் இருந்தால், தளங்களிடம் ஆங்கிலப் பக்கத்தையே கேட்கட்டுமா, அடையாளம் காண்பது கடினமாகும் என்று அது கேட்கிறது. கணக்கு சரிதான். ஆங்கிலக் கூட்டம் பெரியது, தமிழ்க் கூட்டம் சிறியது. ஆங்கிலத்தில் பாவிப்பவருக்கு இந்த உலாவியில் விலை எதுவும் இல்லை. நமக்கு விலை நம் மொழி. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மேலே போட்ட பிட் கணக்கின் விளைவு. தமிழில் உலாவி பாவிப்பவர்கள் கூடினால், அந்தக் கூட்டத்துக்குள் ஒளிய இடமும் கூடும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டோர் உலாவி வெறும் நிலத்தில் முளைத்ததல்ல. அது ஃபயர்பொக்ஸை எடுத்துத் திருத்திச் செய்தது. ஐஸ்கெட், லிப்ரவுல்ஃப் போன்றவையும் அப்படியே. திருத்திச் செய்ய எப்படி முடிகிறது? 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லா, மொசில்லாவிலிருந்து 2004 நவம்பரில் ஃபயர்பொக்ஸ் 1.0. எந்த வேலைக்கும் பாவிக்கலாம், மூலநிரலைப் பார்த்து மாற்றலாம், பிரதியைப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ஜிஎன்யூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கத்தின் நாலு சுதந்திரங்களும் இவைதான். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இலங்கைக்கு இது புதிதல்ல: 2004 சுனாமிக்குப் பிறகு இங்குள்ள பொறியியலாளர்கள் எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை வாங்கியது.

இப்படி ஒரு மென்பொருளின் மூலநிரலை எடுத்துத் தனியாகப் பிரிப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபோர்க்’ என்பார்கள். தோட்டத்தில் ஃபோர்க் என்றால் மண் கிளறும் முள்ளு. எனக்கென்னவோ இது முள்ளுக் குத்துகிற வேலையாகத் தெரியவில்லை, கவ்வாத்து வேலையாகத்தான் தெரிகிறது.

தேயிலையைச் செடி என்று நினைப்பது டவுன்காரர் வழக்கம். அது மரம். வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கு மேல் போகும், ஒரு கொழுந்துக்கும் கை எட்டாது. மூன்று நாலு வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்துக் கத்தியால் வெட்டி இறக்குகிறார்கள். ஃபயர்பொக்ஸ் என்ற மரம் இரண்டு கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்தது. 2020இலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு தளிரிலும் நல்லதும் இருக்கும், வேண்டாததும் இருக்கும்: பாவனை விபரத்தைத் தாய்க் கம்பனிக்கு அனுப்பும் பகுதி, முகப்பில் காசு வாங்கிப் போட்ட இணைப்புகள், படக் கம்பனிகளுக்காக ஏற்றிய மூடிய பூட்டு நிரல். 2024 ஜூலையில் வந்த 128ஆம் பதிப்பில், விளம்பரம் பலித்ததா என்று அளக்கும் ஒரு வசதியை மொசில்லா கேட்காமலே இயக்கி வைத்திருந்தது. இதையெல்லாம் வெட்டுவதுதான் ஐஸ்கெட் காரரின் வேலை, லிப்ரவுல்ஃப் காரரின் வேலை.

ஜிஎன்யூவின் ஐஸ்கெட்டில் அந்தக் கத்தியின் பெயர் ‘மேக்ஐஸ்கெட்’. ஒரு ஷெல் நிரல். மொசில்லா வெளியிடும் மூலநிரலை இறக்கும், கையொப்பத்தைச் சரிபார்க்கும், பிறகு கோப்பு கோப்பாகப் போய் வெட்டும், பெயரை மாற்றும், கட்டற்ற நிரலாக இல்லாத ஜாவாஸ்கிரிப்ட்டைத் தடுக்கும் லிப்ரேஜேஎஸ் போன்ற நீட்சிகளைச் சேர்க்கும். ஒரு தடவை எழுதினால் போதுமே என்று தோன்றும். மரம் சும்மா நிற்குமா? இந்தக் கோப்பில் இந்த மூன்று வரியை எடு என்று நிரலில் எழுதியிருக்கும். அடுத்த பதிப்பில் மொசில்லாக்காரர் அந்தக் கோப்பை இரண்டாகப் பிரித்திருப்பார், அல்லது வேறு மொழியில் திருப்பி எழுதியிருப்பார். கத்தி காற்றை வெட்டும். சில சமயம் நிரல் நின்றுபோய்ப் பிழை சொல்லும், அது அதிர்ஷ்டம். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் ஓடி முடிந்துவிடும், வெட்ட வேண்டியது வெட்டாமல் உள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் உட்கார்ந்து, புதிய உலாவியைத் திறந்து, அது யாரோடெல்லாம் பேசுகிறது என்று வலையமைப்பைக் காவல் காக்க வேண்டும். புகழ் வராத வேலை. சம்பளமும் பெரும்பாலும் இல்லை.

அவசரமும் உண்டு. 2024 ஒக்டோபர் 8 அன்று, ஃபயர்பொக்ஸில் ஒரு ஓட்டையைப் பாவித்து ஏற்கெனவே தாக்குதல் நடந்துகொண்டிருப்பதாக ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மொசில்லாவுக்கு அறிவித்தது. 25 மணித்தியாலத்தில் மொசில்லா திருத்தம் வெளியிட்டது. பெரிய கம்பனியின் வேகம் அது. ஆனால் கவ்வாத்துக்காரர் அப்போதுதான் வேலையைத் தொடங்க முடியும்: திருத்தத்தை இறக்கி, வெட்டி, தொகுத்து, சோதித்து அனுப்ப வேண்டும். இரண்டு கோடி வரியைத் தொகுக்கச் சாதாரணக் கணினிக்கு மணித்தியாலக் கணக்கு. அவருக்கு அன்று காய்ச்சல் என்றால்? திருத்தம் வெளியான நிமிடமே ஓட்டை எங்கே என்று உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. அவரை நம்பியிருப்பவர்கள் கதவு திறந்த வீட்டில் தூங்குகிறார்கள். அந்தரங்கம் காக்கும் உலாவி, பாதுகாப்பில்லாத உலாவியாக மாறுவது இந்த இடைவெளியில்தான். இதனால்தான் டோரும் ஐஸ்கெட்டும் நாலு வாரப் பதிப்பை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஒரு வருடம் அடிமரத்தை மாற்றாமல் ஓட்டைகளை மட்டும் அடைத்துவரும் நீள்ஆதரவுப் பதிப்பை எடுக்கின்றன. லிப்ரவுல்ஃப் நாலு வாரத்தோடு ஓடுகிறது. என் கட்சி முதலாவது.

ஐஸ்கெட்டின் கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜிஎன்யூ களஞ்சியத்தில் இறக்கியதும் ஓடும் வகையில் ஆயத்தமாக வைக்கப்பட்ட கடைசிப் பதிப்பு 2019இன் 60.7.0. அதன்பிறகு வேலை மூலநிரலாகத்தான் நடந்துவருகிறது. கீக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளக்காரர்கள் அதைத் தொகுத்துத் தங்கள் பாவனையாளருக்குக் கொடுக்கிறார்கள். கொள்கை தோற்கவில்லை, ஆள் போதவில்லை. பழைய 60.7.0ஐ இன்றைக்கும் யாராவது இறக்கிப் பாவித்தால், உடனே விட்டுவிடுங்கள். அதைவிடப் புதிய சாதாரண ஃபயர்பொக்ஸ் எவ்வளவோ மேல்.

பெயரிலும் ஒரு கதை உண்டு. ஃபயர்பொக்ஸின் நிரல் கட்டற்றது, பெயரும் சின்னமும் மொசில்லாவின் வியாபாரக் குறி. நிரலை மாற்றினால் பெயரையும் மாற்ற வேண்டும். 2006இல் டெபியன் இயங்குதளக்காரருக்கும் மொசில்லாவுக்கும் இதில் முட்டிக்கொண்டது. நெருப்பு நரிக்குப் பதிலாகப் பனி மரநாய் என்று டெபியன் பெயர் வைத்தது, ஐஸ்வீசல். பத்து வருடம் கழித்து, 2016இல், சமாதானமாகிப் பழைய பெயருக்குத் திரும்பியது. அதே பெயரில் தொடங்கிய ஜிஎன்யூ பதிப்புத்தான் குழப்பம் வேண்டாமென்று பனிப்பூனையானது. பூனாகலைக்காரனான எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது பூனைதானா என்று கேட்காதீர்கள்.

தமிழர் கைபட்ட அந்தரங்க உலாவி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. தமிழ்நாட்டு ஸோஹோ நிறுவனம் 2023இல் ‘உலா’வை வெளியிட்டது. கூகுளின் திறந்த குரோமியத்தை எடுத்துக் கண்காணிப்பைத் தடுக்கும்படி செய்தது. இந்திய அரசு நடத்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதலிடமும் ஒரு கோடி ரூபாய் பரிசும் வாங்கியது. பெயர் அழகு. ஆனால் அது இலவச உலாவி, கட்டற்ற உலாவியாக வெளியிடப்பட்டதல்ல. எங்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரியது. விபரம் எதையும் அனுப்பவில்லை என்று ஒரு கம்பனி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். மூலநிரல் கையில் இல்லாவிட்டால் அதை நம்பத்தான் முடியும், பார்க்க முடியாது. கொழுந்து நிறுக்கும் தராசை நெருங்கி முள்ளைப் பார்க்க உரிமை வேண்டும் என்று சண்டை பிடித்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கவ்வாத்துக்காரர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது, அது அடிமரத்தைப் பற்றியது. மொசில்லாவின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு, தேடுபொறியை முன்னிருப்பாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். கண்காணிப்பு விளம்பரத்தால் வாழும் கம்பனியின் காசில் வளரும் மரத்திலிருந்துதான் கண்காணிப்பை வெட்டிய உலாவிகள் கிடைக்கின்றன. அமெரிக்க நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் கூகுளைத் தேடலில் ஏகபோகக்காரர் என்று தீர்ப்பளித்தபோது, மொசில்லாவை நம்பியிருந்தவர்களும் கலங்கினார்கள். 2025 செப்டெம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பு அந்தக் கொடுப்பனவை முற்றாகத் தடைசெய்யவில்லை. மூச்சு வந்தது. மரம் பட்டால் கத்திக்கு வேலையில்லை.

வெட்டுகிறவர் மரத்துக்கும் உரம் போடலாம். டோர் குழுவினர் தங்கள் உலாவிக்கென எழுதிய தடுப்புகளை 2016இலிருந்து மொசில்லாவோடு சேர்ந்து ஃபயர்பொக்ஸுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு சாதாரண ஃபயர்பொக்ஸில் ஒரு தளத்தின் குக்கி இன்னொரு தளத்துக்குத் தெரியாமல் தனித்தனி டப்பாவில் அடைபடுகிறது. 2022 ஜூனிலிருந்து அது முன்னிருப்பு. மருமகளின் போனில் நான் கடைசியில் போட்டுக் கொடுத்ததும் சாதாரண ஃபயர்பொக்ஸ்தான், அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற கட்டற்ற தடுப்பு நீட்சி. விளம்பரம் இறங்காததால் டேட்டா மிச்சமாகிறது, அதுதான் அவளுக்குப் பிடித்தது. அந்தரங்கம் கொசுறாகக் கிடைத்தது.

ஆனால் மெனுவைத் திறந்ததும் அவள் கேட்டாள், ‘பாதி தமிழ்ல இருக்கு, பாதி இங்கிலீஷ்ல இருக்கே மாமா?’ ஒரு காலத்தில் ஃபயர்பொக்ஸுக்குப் பொதுத்தமிழ் ஒன்றும் ‘டிஏ-எல்கே’ என்ற குறியோடு இலங்கைத் தமிழ் ஒன்றும் இருந்தன. இலங்கைத் தமிழ் நின்றுபோய்ப் பல வருடமாயிற்று. இருக்கும் தமிழிலும், புதிய வசதி வரும்போதெல்லாம் புதிய வரிகள் வருகின்றன. யாரும் மொழிபெயர்க்காத வரி ஆங்கிலத்திலேயே நிற்கும். ஐஸ்கெட்டும் லிப்ரவுல்ஃப்பும் மொசில்லாவின் மொழிபெயர்ப்பைத்தான் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. இங்கே ஒரு வரி திருந்தினால் அங்கும் திருந்தும்.

மொழிபெயர்ப்பு நடக்கும் இடத்தின் பெயர் பொன்டூன். கணக்குத் திறக்கக் காசு தேவையில்லை, நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலமும் தமிழும் போதும். நீங்கள் எழுதும் வரியை இன்னொருவர் பார்த்துச் சரியென்ற பிறகே அது உலாவிக்குள் போகும், ஆகவே பிழை விடப் பயப்பட வேண்டாம். மாதம் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் தமிழ்ப் பகுதியைத் திறந்து, வெறுமையாகக் கிடக்கும் முதல் பத்து வரியில் தொடங்குங்கள்.